பட்ஜெட்டை நம்பிப் பிரித்த கூரை

பட்ஜெட் வெள்ளிக்கிழமை வந்தால் தாமான் என்று சொல்கிற எங்கள் குடியிருப்பில் யாரும் என்னைச் சும்மா விட மாட்டார்கள். மலாக்காவில், குருபோங்கில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் கணக்கு கிளார்க்காக இருந்தவள் நான். இப்போது வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். கணக்குத் தெரிந்தவளுக்கு நாட்டுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இவர்களுடைய நியாயம். பல் பிடுங்குகிற டாக்டரைப் பிரசவத்துக்குக் கூப்பிடுகிற மாதிரிதான். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கூடும் இடம் பாய் கடை. ஜாசின் சாலையிலிருந்து தாமானுக்குள் திரும்புகிற முனையில் இருக்கிறது, பாயின் வாப்பா காலத்துச் சாப்பாட்டுக் கடை. சுவரில் மாட்டிய பெரிய டிவியில் வருடம் முழுக்கப் பந்து விளையாட்டு ஓடும். அந்த ஒரு நாள் மாத்திரம், சாயங்காலம் நாலு மணிக்கு, நாடாளுமன்றம் ஓடும். நிதியமைச்சர் எழுந்து பேச ஆரம்பித்தால், இடையில் பந்துன் என்று ஒரு நாலு வரி மலாய்ப் பாட்டுப் பாடி, மேசை தட்டல் வாங்கி, முடிப்பதற்குள் பாய் எத்தனையோ தரம் தேத்தண்ணி ஆற்றிவிடுவார். எங்கள் ஆட்களுக்கு மலாய் தெரியாமல் இல்லை. பாசாரில் மீன் விலை பேசத் தெரியும், சம்மன் எழுதுகிற போலீஸ்காரரிடம் கெஞ்சத் தெரியும். ஆனால் அமைச்சர் பேசுவது கோட்டு சூட்டுப் போட்ட மலாய். அந்தக் கோட்டைக் கழற்றித் தமிழில் சொல்வது என் வேலை.

அதிலும் முழுவதையும் சொல்லத் தேவையில்லை. நாட்டின் கடன், வளர்ச்சி என்று நான் ஆரம்பித்தால், "அத வுடும்மா, நமக்கு என்னா?" என்பார்கள். ஆளுக்கு ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள். அரசாங்க வேலைக்காரர்களுக்கு போனஸ். ஊதித் தள்ளுகிறவர்களுக்கு சிகரெட். கார் வைத்திருப்பவர்களுக்குப் பெட்ரோல். எங்கள் தாமானில் இனிப்புநீர் வியாதி இல்லாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் எல்லாரும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கை முன்னால் வைத்துக்கொண்டு, சீனி வரி ஏறுகிறதா என்று அக்கறையாகக் கேட்பார்கள்.

பாய் கல்லாவில் நின்றபடியே காதைக் கொடுத்திருப்பார். பட்ஜெட்டுக்கு மறுநாள் ரொட்டிச் சானாய் விலை ஏறும். "ரொட்டியப் பத்தி மந்திரி ஒண்ணுமே பேசலையே பாய்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவரு பேசலம்மா. ஆனா மாவுக்குக் காது கேக்கும்லா," என்றார். இத்தனை வருடம் பட்ஜெட் கேட்டதில் எனக்கு முழுசாக விளங்கிய பொருளாதாரம் அது ஒன்றுதான்.

நான் சொல்ல வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம் நடந்தது. அன்று அக்காவும் கடைக்கு வந்திருந்தாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து வீடு. ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் துப்புரவு வேலை பார்க்கிறாள். புருஷன் இல்லை. ஒரே மகள். அதற்கு முன் எந்த பட்ஜெட்டுக்கும் அவள் வந்ததில்லை. "எங்க வீட்டு பட்ஜெட்டு மீன்காரன் வண்டி வந்தா தெரிஞ்சிரும் போ," என்பாள். அன்று வேலையிலிருந்து நேரே வந்து, காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். மகளுடைய கல்யாணத்துக்காகத்தான் வந்திருந்தாள்.

அந்த மகள் சுலபமாக வந்தவள் இல்லை. நாங்கள் எல்லாரும் முன்பு இருந்த தோட்டம் விற்கப்பட்டபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களை எல்லாம் பலகையும் தகரமுமாகக் கட்டிய ஒரு நீள வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். ரூமா பாஞ்சாங். ஆறு மாதம்தான், அதற்குள் கல்வீடு வந்துவிடும் என்றார்கள். அந்த ஆறு மாதம் முடியவே இல்லை. அங்கேதான் அக்காவுக்குப் பிள்ளைகள் தங்காமல் தங்காமல் போய், கடைசியில் இவள் தங்கினாள். வயிற்றில் இருக்கும்போதே அக்கா தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போய், மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டாள். இந்தப் பிள்ளை நிலைத்தால் இதன் கல்யாணம் உன் வாசலில்தான், வேறெந்த வாசலிலும் நான் போய் நிற்க மாட்டேன் என்று. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் தாமானில் வீடு கிடைத்தது. தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் இங்கே வந்துவிட்டோம். அம்மன் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவில் அங்கேயே இருந்தாள். இங்கிருந்து காரில் போனால் கொஞ்ச நேரம்தான்.

மகள் நர்ஸ் ஆனாள். மாப்பிள்ளை செலண்டார் ஊர்ப் பையன், சிங்கப்பூரில் வேலை. ரெஜிஸ்டர் முடிந்துவிட்டது. இங்கே அதுதான் வழக்கம், முதலில் ரெஜிஸ்டர், பிறகு நாள் பார்த்துத் தாலி. ஆக அரசாங்கத்துக்கு அவள் கல்யாணமானவள், அக்காவுக்கு இன்னும் கன்னிப்பெண். தை மாதம் கோவிலில் தாலி என்று பேசி வைத்திருந்தார்கள். கோவில் கூரைதான் ஓட்டை ஓட்டையாக ஒழுகியது. மணவறைக்கு மேலே வாளி கட்டித் தொங்கவிடவா முடியும் என்று அக்கா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைக் கடைக்கு வரச் சொன்னவர் கோவில் தலைவர். எண்ணெய் டாங்கி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் பச்சை விளக்கு விழுவதற்குள் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற ஆள். "இந்தத் தடவ பட்ஜெட்ல கோயிலுக்குப் போடுறாங்களாம். வந்து உங்க காதால கேளுங்க," என்று சொல்லியிருந்தார்.

அந்த வாக்கியமும் வந்தது. முஸ்லிம் அல்லாதாரின் வழிபாட்டுத் தலங்களைப் பழுதுபார்க்க ஒரு தொகை ஒதுக்கப்படும். அவ்வளவுதான், அடுத்து அவர் சாலைகளுக்குப் போய்விட்டார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பாய் கடையில் மேசைகள் அதிர்ந்தன. தே ஓ ஒன்று கவிழ்ந்தது.

"நம்ம கோயிலுக்கும்தானே?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"நாடு பூராவும் உள்ள கோயிலு, சர்ச்சு, புத்தர் கோயிலு எல்லாத்துக்கும் சேத்துக்கா."

"எல்லாத்துக்கும்னா நமக்கும்தானேம்மா," என்றார் தலைவர். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உலை வைக்க வேண்டும் என்று பேச்சு முடியுமுன்பே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தாமான் முகப்பில் பேனர் தொங்கியது. நடுவில் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார், ஒரு மூலையில் தலைவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஆலயத் திருப்பணிக்கு வாரி வழங்கிய வள்ளலுக்குக் கோடி நன்றி. எங்கே அடித்தார்கள், எப்போது அடித்தார்கள், தெரியாது. எங்கள் ஆட்களுக்கு எது தாமதமானாலும் பேனர் தாமதமாகாது.

"காசு வரட்டுமே தலைவரே, அப்பறம் நன்றி சொல்லலாமே," என்றேன்.

"நன்றி முந்திக்கணும்மா. நாம லேட்டாச் சொன்னா அடுத்த கோயில்காரன் சொல்லிருவான்லா."

அத்தோடு நின்றிருந்தால் ஒரு பேனர்தான் நஷ்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, பாலாலயம் செய்துவிடலாம் என்றார். கோவிலைப் பழுதுபார்க்கும் முன் அம்மனின் சக்தியைக் கருவறையிலிருந்து ஒரு பலகையில் இறக்கி, பக்கத்தில் சின்னக் கொட்டகை போட்டு அங்கே வைத்துப் பூசை செய்வார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்வரை அம்மன் அந்தக் கொட்டகையில்தான் இருப்பாள். கருவறையில் சிலை இருந்தாலும் அது வெறும் அறை. அதுவரை திருவிழா கிடையாது, கல்யாணமும் கிடையாது. எல்லா ஊரிலும் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாலாலயம் செய்வார்கள்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்," என்றார் தலைவர். "ஆபீசரு வந்து பாக்குறப்போ கூரையோட நின்னா, நல்லாத்தானே இருக்குன்னு போயிருவான். கூரையே இல்லாம நின்னா? அவனே பதறிப்போயி சைன் போடுவான்லா."

கூட்டம் தலையாட்டியது. இதைவிட அறிவாக யாரும் பேசியதில்லை என்பதுபோல ஆட்டியது. நான் எழுந்து, காசு கைக்கு வந்த பிறகு கூரையைப் பிரியுங்கள் என்றேன்.

"இப்படிக் கணக்குப் பாத்துப் பாத்துத்தாம்மா நீ வீட்ல தனியாக் குந்தியிருக்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்த எரிச்சல் அடங்க நாளாயிற்று.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். "தை மாசத்துக்குள்ள அம்மன் உள்ள வந்துருவாளா?"

"தை என்னாக்கா தை. கார்த்திகையிலேயே கும்பாபிஷேகம். உங்க பொண்ணு கல்யாணந்தான் புதுக் கூரைக்குக் கீழ மொதக் கல்யாணம்."

மலாக்கா டவுனிலிருந்து வந்த குருக்கள் இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். பாலாலயம் செய்துவிட்டால் பாதியில் திரும்ப முடியாது என்றார். தலைவர் அவரிடம் பேப்பரை விரித்துக் காட்டினார். சர்க்காரே சொல்லிவிட்டதென்றால் சரி என்று குருக்கள் ஐப்பசியிலேயே நாள் குறித்துக் கொடுத்தார். அம்மனைக் கொட்டகையில் வைத்த அன்றே இளவட்டங்கள் ஏறிக் கூரையைப் பிரித்தார்கள். பிரிப்பதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

அடுத்து நடந்தவற்றை எந்தக் கணக்கு கிளார்க்கும் முன்கூட்டியே சொல்லியிருப்பாள். பேச்சு என்பது பேச்சுதான். அதற்குப் பிறகு விவாதம், ஓட்டெடுப்பு, புது வருடம், விதிமுறை, விண்ணப்பம். நாங்கள் மூன்று பேரும், தலைவர், அக்கா, நான், என் காரில் அந்த ஒதுக்கீட்டைக் கவனிக்கிற அரசாங்க ஆபீசுக்குப் போனோம். ஒரு இளம் மலாய்ப் பெண் உட்கார வைத்து, தண்ணீர் போத்தல் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கூரையில்லாத கோவிலின் படத்தைத் தலைவர் நீட்டினார். அவள் பதறவில்லை. "தானா சியாப்பா?" என்றாள், நிலம் யாருடையது என்று.

நிலம் தோட்டத்து நிலம். தோட்டம் கை மாறிக் கை மாறி, இப்போது கோலாலம்பூரில் தலைமையகம் உள்ள ஏதோ ஒரு கம்பெனி. என்றைக்கோ இருந்த மேனேஜர் ஒருவர் கோவில் இங்கேயே இருக்கட்டும் என்று வாயால் சொன்னதுதான் எங்கள் பட்டா. கம்பெனியிடம் சம்மதக் கடிதம் வாங்கி வாருங்கள் என்றாள் அந்தப் பெண். கம்பெனிக்கு எழுதினோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம். இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அவள் தன் வேலையைச் செய்தாள். கோபமெல்லாம் திரும்பி வரும்போது முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்த தலைவர்மேல்தான். "பட்ஜெட்ல சொன்னத இவங்க இல்லேன்னு சொல்ல முடியாதுலா," என்று பாட்டுக்கு நடுவில் சொன்னார். பின் சீட்டில் அக்கா, "அதானே," என்றாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, நாமே வசூல் செய்து கூரையைப் போட்டுவிடலாம் என்று ரசீதுப் புத்தகத்தோடு இறங்கினார்கள். அங்கேதான் பேனர் தன் வேலையைக் காட்டியது. ஜாசினில் ஏறின கடை எல்லாவற்றிலும் ஒரே பதில். "உங்க கோயிலுக்குத்தான் அரசாங்கம் வாரிக் குடுத்துருச்சே. பேனரு பாத்தோமே." இல்லை, இன்னும் வரவில்லை என்று சொன்னால், வந்த பணம் எங்கே போனது என்று கேட்டார்கள். தலைவர் பேனரைக் கழற்றினார். கழற்றியதை, சிலை நனைகிறதே என்று கருவறைக்கு மேலே இழுத்துக் கட்டினார்.

தை வந்தது, போனது. கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போயிற்று. வைகாசி ஆவணிக்குப் போயிற்று. மகள் ஒவ்வொரு தடவையும் லீவு எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் திரும்ப வாங்கினாள். ஆவணியும் போன பிறகு மாப்பிள்ளையின் அம்மா செலண்டாரிலிருந்து பழத்தட்டோடு வந்தார். அக்கா என்னையும் கூடவே இருக்கச் சொன்னாள்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பேசினார். "சம்பந்தி, நாங்க குத்தம் சொல்ல வரல. கார்த்திகையில நாள் பாத்துட்டோம். டவுன்ல மண்டபமும் சொல்லிட்டோம். நீங்க வந்து நின்னா எங்களுக்கு சந்தோஷம். நிக்க முடியாதுன்னா, அது உங்களுக்கும் உங்க அம்மனுக்கும் உள்ள பேச்சு. அதுக்குப் பிள்ளைங்க என்னா செய்யும்?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் போன பிறகு மகள் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குக் கட்டுப் போடுகிற பெண், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

"நீ இல்லாம நான் எப்படிம்மா கழுத்த நீட்டுறது?"

"இன்னொரு வாசல்ல நான் எப்படிடி வந்து நிக்கிறது?" என்றாள் அக்கா. "குடுத்த வாக்கு. உன்ன வாங்கிட்டு மாத்திப் பேசச் சொல்றியா?"

வாக்கைக் காப்பாற்றினால் மகள் கல்யாணத்தில் தாய் இருக்க மாட்டாள். கல்யாணத்துக்குப் போனால், அன்று மஞ்சள் துணியில் முடிந்ததெல்லாம் பொய். கிழவி வயதுக்கு வந்துகொண்டிருக்கும் ஒரு மனுஷியிடம் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று பார்த்தால், ஒரு பேச்சின் நடுவில் வந்த ஒரு வாக்கியம். கடைசியில் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பட்ஜெட்டு வரட்டும். இந்தத் தடவ பாப்போம்."

அந்த வருடத்து வெள்ளிக்கிழமை அவள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். குளித்து, நல்ல சேலை கட்டி, டிவிக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். பாய் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. அமைச்சர் பேசினார். பந்துன் வந்தது. சிகரெட்டு, பெட்ரோல், சீனி எல்லாம் வந்தன. வழிபாட்டுத் தலங்களும் வந்தன, போன வருடம் மாதிரியே ஒரு வாக்கியம். மேசை தட்டல் குறைச்சல்தான். தலைவர் மட்டும், "பாத்தியாம்மா, மறுபடியும் போட்டுருக்கான்," என்றார். அக்கா அசையவில்லை. அமைச்சர் கடைசி வரி படித்து, வாழ்த்துச் சொல்லி உட்காரும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் பந்து விளையாட்டுக்கு மாற்றினார்.

"தங்கச்சி," என்றாள் என்னிடம். "பேரு எப்ப சொல்லுவாங்க?"

"என்னா பேருக்கா?"

"கோயில் பேருதான். எந்தெந்தக் கோயிலுக்குன்னு வாசிப்பாங்கள்ல. போன வருஷம் நான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன். கேக்காம விட்டுட்டேன்னுதான் இந்த வருஷம் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

இந்த ஒரு வருடமும், ஆபீசிலும் காரிலும் அடுப்படியிலும், அவள் மனசில் அப்படி ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் பெயரும் வாசிக்கப்பட்டிருக்கிறது.

"பேரெல்லாம் வாசிக்க மாட்டாங்கக்கா. மொத்தமா ஒரு தொகதான் சொல்லுவாங்க."

"அப்ப, நம்ம கோயிலு ஒண்ணு இங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாதுக்கா," என்றேன். அவளிடம் அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தலைவர் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கோயிலுக்குக் கொண்டுபோயி வுடு," என்றாள்.

செம்பனைக்கு நடுவே மண் சாலை சேறாகக் கிடந்தது. நாங்கள் போனபோது பூசாரி கொட்டகையில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நாலு இரும்புக் கால், மேலே தகரம், உள்ளே மஞ்சள் துணி சாத்திய பலகை. பக்கத்தில் கூரையில்லாத கோவில், அதன்மேல் ஈரத்தில் தொய்ந்த பேனர். அக்கா கும்பிடவில்லை. கொட்டகையைச் சுற்றி வந்தாள். தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி.

"ஏன் பூசாரி, இவ இப்ப எங்க இருக்கா? அங்கயா, இங்கயா?"

"இங்கதாம்மா. இது டெம்பரரி. கும்பாபிஷேகம் ஆகுற வரைக்கும்."

"எங்களையும் ஆறு மாசம், டெம்பரரின்னுதான் கொண்டுபோயி வெச்சாங்க," என்றாள் அக்கா. குரல் ஏறவே இல்லை. "அந்தத் தகரத்துக்குக் கீழதான் சோறாக்குனோம். சண்ட போட்டோம். செத்தவங்களத் தூக்கிட்டுப் போனோம். எம்புள்ளைய அங்கதான் பெத்தேன். அப்ப இவ வந்து, இது டெம்பரரி வீடு, இங்க புள்ள தர மாட்டேன்னா சொன்னா?"

பூசாரி விளக்கைத் தூண்டிக்கொண்டே நின்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

"குருக்கள் ஒத்துக்க மாட்டாரும்மா," என்றார் பூசாரி மெதுவாக.

"அவரு சாஸ்திரம் அவருக்கு. நீங்க தாலிய எடுத்துக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், அதே நீள வீட்டில் இருந்தவர். "குடுக்கிறேன்," என்றார்.

அங்கேயே நின்று செலண்டாருக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அக்கா சொன்னதை அந்த அம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, "கார்த்திகையாச்சே சம்பந்தி. மழ பேஞ்சா?" என்றார்.

"நனைவோம்," என்றாள் அக்கா.

டவுன் மண்டபம் விருந்துக்கு என்று ஆயிற்று. தாலி கொட்டகையில் என்று ஆயிற்று. சாஸ்திரம் தெரிந்தவர்கள் சிலர் வரவில்லை. வராதவர்கள் பட்டியலில் குருக்கள் முதல். மற்ற எல்லாரும் வந்தோம். பாய் விடியற்காலையிலேயே காப்பியும் உப்புமாவும் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, காசைப் பற்றிக் கேட்டதற்கு, "பட்ஜெட்ல தள்ளுபடி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழையும் வந்தது. கொட்டகையில் பொண்ணு மாப்பிள்ளையும் பூசாரியும் உட்காரத்தான் இடம். தலைவர் சிலைக்கு வேறு படுதாவைப் போட்டு மூடிவிட்டு, அந்தப் பேனரை அவிழ்த்துக் கொண்டுவந்து, தகரத்தின் ஓரத்திலிருந்து வேப்பமரம்வரை இழுத்துக் கட்டினார். அமைச்சர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருக்க, நாங்கள் அவருக்குக் கீழே நெருக்கியடித்து நின்றோம். பேனரில் நீர் தேங்கித் தேங்கித் தொய்ந்தது. தலைவர் ஒரு கம்பை வைத்து அதைக் குத்தித் தள்ளிக்கொண்டே வெளியில் நின்றார். அவருக்கு மேலே ஒன்றும் இல்லை. வேட்டி சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "உள்ள வாங்க தலைவரே," என்று கூப்பிட்டேன். "இருக்கட்டும்மா," என்றார். அவர்மேல் ஒரு வருடமாக நான் வைத்திருந்த கோபம் அங்கே விட்டுப்போயிற்று.

அக்கா பலகைக்கு முன்னால் போய், அன்று வேண்டிக்கொண்டு முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, காசை வைத்துவிட்டு ஓரமாக வந்து நின்றாள். முகூர்த்தம் நெருங்கியபோது மழை இன்னும் வலுத்தது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் மேளமும் கேட்கவில்லை, நாயனமும் கேட்கவில்லை. பூசாரியின் வாய் அசைந்தது. எங்களுக்கு முன்னால் குடைகளாக நின்றதால் ஒன்றும் தெரியவும் இல்லை. எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது தூவுவது என்று தெரியாமல், அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகத்தைப் பார்த்துத்தான் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.